பிறந்த தேதி இல்லாதவர்

கடவுளுக்கு அப்பா பெயர் எழுதாத குற்றத்துக்காக என் மகளை மூன்று நாளாக வகுப்புக்கு வெளியே, தலைமையாசிரியை அறைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களைக் கேட்டால் காரணத்தை வேறு மாதிரி சொல்வார்கள். அட்டையைக் கிழித்தாள், அதுவும் விருந்தினர் முன்னால் கிழித்தாள், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள், போடும்வரை வகுப்புக்குள் விட முடியாது. சரி, கிழித்தாள். ஏன் கிழித்தாய் என்று அவளிடம் ஒருத்தராவது கேட்டார்களா? நாலாவது நாள் காலையில் நானும் அவள் அப்பாவும் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அந்த பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் போய் உட்கார்ந்தோம். சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்ச். என் முழங்கால் மோவாயைத் தொட்டது. எனக்கு இருந்த கோபத்துக்கு அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. எல்லா மதமும் ஒன்று என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்களாம். நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழிதான் என் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கடவுளுக்கு ஓர் அடையாள அட்டை செய்ய வேண்டும். பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தந்தை பெயர், தாய் பெயர், ஓரத்துக் கட்டத்தில் ஒட்ட ஒரு புகைப்படம். எல்லாருக்கும் ஒரே அச்சுத்தாள். ரத்தப் பிரிவு கேட்காமல் விட்டார்களே, அந்த மட்டும் சந்தோஷம்.

என் மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். பத்து வயதுதான் ஆகிறது, ஆனால் சாப்பிடு என்றால்கூட எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் தட்டை இழுப்பாள். அவள் அப்பா சீக்கியர். லிஃப்ட் மெக்கானிக். தலைப்பாகை கசங்காமல் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கை முழுக்க கிரீஸோடு ஏறி வருகிற மனிதர். நான் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வழிக்கு வந்தவள். வந்த புதிதில் நானும்தான் கேட்டேன், எந்தப் படத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று. சுவரில் மாட்டியிருந்த தாடிக்காரப் பெரியவரைக் காட்டி, இவர்தானா என்றேன். "அவரு எங்க முதல் குரு. வழி சொன்னவரு. நான்தான் சாமின்னு அவரு ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். மற்றதெல்லாம் எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது. இருப்பது ஒன்றே ஒன்று. அதை யாரும் உண்டாக்கவில்லை, தானாகவே இருக்கிறது. மண்ணும் வானமும் பகலும் இரவும் இல்லாதபோதும் இருந்தது. எப்போது தொடங்கியது என்று கேட்க முடியாது, காலமே அதற்குப் பிறகு வந்ததுதான். உருவம் கிடையாது, சாவு கிடையாது, ஒரு வயிற்றிலிருந்து பிறந்து வருவதும் கிடையாது. எனக்கு இது ரொம்ப நாள் கையில் பிடிபடாமல் நழுவிக்கொண்டே இருந்தது. மகளுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள், அவளுக்கு அது கூட்டல் கணக்கு மாதிரி.

அதனால் அட்டையை அவள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். பெயர்: ஒன்று. பிறந்த தேதி: பிறக்கவில்லை. பிறந்த ஊர்: எல்லா ஊரிலும் இருக்கிறார், ஆனால் பிறக்கவில்லை. தந்தை: இல்லை. தாய்: இல்லை. புகைப்படக் கட்டத்தைத் தொடவே இல்லை. கீழே இடம் மிச்சம் இருந்தது பொறுக்காமல் தானே இரண்டு வரி சேர்த்திருந்தாள். பயம்: இல்லை. பகை: யாரோடும் இல்லை. என் கணவர் அதைப் படித்துவிட்டு அவள் உச்சந்தலையில் கையை வைத்து அழுத்தினார். அவர் மெச்சுவது அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அந்த அட்டை கண்காட்சிப் பலகையில் தொங்கியது. அவள் எழுதியதில் ஒரு வார்த்தைகூட இல்லை. வெள்ளை மை பூசி எல்லாவற்றையும் அழித்து, அதன்மேல் வேறு யாரோ அழகான கையெழுத்தில் ஒரு தேதி, ஓர் ஊர், ஓர் அப்பா, ஓர் அம்மா எழுதியிருந்தார்கள். கட்டத்தில் குருவின் படம். கடைசியில், தயாரித்தவர் என்று என் மகள் பெயர் மட்டும் அவள் எழுதியபடியே இருந்தது. எல்லாவற்றையும் மூடி லேமினேட் போட்டிருந்தார்கள். விருந்தினர்கள் பார்த்துக்கொண்டு வரும்போதே அவள் அதைப் பிடுங்கிக் கிழித்தாள். லேமினேட் போட்ட அட்டை கையால் கிழியுமா? பல்லால் கடித்துக் கிழித்திருக்கிறாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவு செய்கிற கவுண்டரில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பிறந்த தேதி போடாவிட்டால் எங்கள் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கு நகராது. தேதி தெரியாத வயசாளிகள் வந்தால், உத்தேசமாக ஒரு வருடத்தைப் போட்டு ஜனவரி ஒன்று என்று தட்டிவிடுவோம். எங்கள் கம்ப்யூட்டரை நம்பினால் ஊரில் பாதிக் கிழவர்கள் ஒரே தேதியில் பிறந்தவர்கள். கண்காட்சிக்கு முந்தின நாள் மதியம், வகுப்பு மிஸ் எனக்குப் போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சின்னப் பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பது பேர் வரிசை, முன்னால் நின்ற அம்மாவின் இடுப்பில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது, பின்னால் ஒருத்தர் கண்ணாடியைத் தட்டித் தட்டி என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு எழுதி வெச்சிருக்கா மேடம். நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க. நீங்க ஏதாவது சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்" என்றாள் மிஸ்.

ஒரு நொடியாவது யோசித்தேனா என்றால் இல்லை. குருவின் பிறந்த தேதியைச் சொன்னேன். ஊரையும் அவருடைய அப்பா அம்மா பெயரையும் சொன்னேன். போனில் இருந்த படத்தையும் அனுப்பிவிட்டு, அடுத்த ஆள் யாரு என்று குரல் கொடுத்தேன். கடவுளுக்கும் ஜனவரி ஒன்று போட்டாயிற்று. இது என் கணவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. மூன்று நாளாக வீட்டில் அந்த மிஸ்ஸைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தவளும் நான்தான். எவ்வளவுக்கு எவ்வளவு உறுத்தியதோ அவ்வளவுக்கு அவ்வளவு சத்தமாகத் திட்டினேன்.

தலைமையாசிரியை கூப்பிட்டார். அறையில் இரண்டு நாற்காலிதான் இருந்தது, மகள் எங்களுக்கு நடுவே நின்றாள். மிஸ் ஜன்னல் ஓரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேசையில் டேப் போட்டுச் சேர்த்த அட்டை. பக்கத்தில் முன்கூட்டியே டைப் அடித்து வைத்த மன்னிப்புக் கடிதம்.

"சாமி படத்தையே கிழிச்சிருக்கா உங்க பொண்ணு. இதவிட அவமரியாதை என்ன இருக்கு?" என்றார் தலைமையாசிரியை.

"அது சாமி படம் இல்ல மேடம். சாமின்னு சொல்லி ஒட்டின படம்" என்றேன்.

"நாப்பது பிள்ளைங்க அட்டை பண்ணாங்க. ஒருத்தருக்காவது இந்தப் பிரச்சனை வந்துச்சா? எல்லார் சாமிக்கும் பிறந்த நாள் இருக்கு, உங்க சாமிக்கு மட்டும் இல்லேன்னா எப்படி?"

வாசலில் ஆளுயரத்துக்கு 'எல்லாரும் ஒன்று' என்று எழுதி ஒட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்துகொண்டு உங்க சாமி என்கிறார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் தப்பெல்லாம் அந்த நிமிடம் மறந்தே போய்விட்டது.

"அப்போ எதுக்கு மேடம் பிள்ளைங்ககிட்ட கேட்டீங்க? உங்களுக்கு வேணும்கிற பதில நீங்களே அச்சடிச்சுக்க வேண்டியதுதானே? அவ எழுதினது தப்புன்னா முட்ட போடுங்க. சிவப்பு மையில அடிங்க. அவ எழுத்த அழிச்சுட்டு, யாரோ எழுதினதுக்குக் கீழ அவ பேர மட்டும் விட்டு வெச்சீங்களே, இதுக்கு என்ன பேரு?"

என் கணவர் என் கைமேல் கையை வைத்தார். அவருக்குக் கோபமே வராது. யாரோடும் பகை இல்லாத ஒன்றை நினைத்துக்கொண்டு தினமும் விடிகாலையில் எழுந்திருக்கிற ஆளுக்கு எங்கிருந்து வரும்? சில நாள் அந்தப் பொறுமையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைமையாசிரியை அவர் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார். எதுவா இருந்தாலும் எங்கேருந்தாவது வந்திருக்கணும்ல?"

"வர்றதுக்கு முதல்ல ஒரு இடம் வேணுமே மேடம். அந்த இடமே அவரு உண்டாக்கினதுதான்" என்றார் என் கணவர். லிஃப்ட் ஏன் நின்றது என்று விளக்குகிற அதே குரலில் சொன்னார். "அவரு எங்கேருந்தும் வரல. இருக்காரு, அவ்வளவுதான். என் பொண்ணு தெரியாம விட்டுட்டான்னு நீங்க நெனைக்கறீங்க. தெரிஞ்சுதான் எழுதியிருக்கா."

பிறகு மற்றக் கையால் அட்டையைத் தன் பக்கம் இழுத்து, டேப் ஒட்டிய இடத்தை விரலால் நீவினார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். இந்தத் தேதி எங்க குருவோட தேதி. ஊரு, பேரு எல்லாம் சரியா இருக்கு. இத உங்களுக்கு யாரு சொன்னா?"

மிஸ் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

"கேக்கறாருல்ல, சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சொந்தமா எதையும் எழுதாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? வேலைய நிரந்தரமாக்கச் சொல்லி எந்த முகத்தோட என்கிட்ட வந்து நிப்பீங்க?"

அந்தப் பெண்ணின் கண் நிறைந்தது. அப்போதும் சொல்லவில்லை. ஒரு நொடி, ஒரே நொடி, தப்பித்தோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பாவி, அப்படியும் தோன்றியது. என் மகள் தலையை நிமிர்த்தி மிஸ்ஸையே முறைத்துக்கொண்டிருந்தாள், மூன்று நாளாக நான் சொல்லிக் கொடுத்த முறைப்பு.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

யாருக்கும் உடனே புரியவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "மிஸ் போன் பண்ணிக் கேட்டாங்க. தேதி, பேரு, படம், எல்லாம் நான்தான் குடுத்தேன்."

என் கணவர் கை என் கைமேல்தான் இருந்தது, ஆனால் அதில் இருந்த அழுத்தம் போய்விட்டது. மகளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

தலைமையாசிரியை முகம் தெளிந்தது. நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மாவே குடுத்திருக்காங்க. அப்புறம் எங்க மேல என்ன தப்பு? கையெழுத்துப் போடச் சொல்லுங்க, முடிஞ்சுது" என்று கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

அவமானத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. "நான் குடுத்தது தப்பு மேடம். தப்பான பதில குடுத்தவ நான். சரியான பதில எழுதினவ அவ. நீங்க அழிச்சது அவளோடத" என்றேன். நாலு பேர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மகள் எங்கள் நடுவிலிருந்து கையை நீட்டிக் கடிதத்தை எடுத்தாள். நின்றபடியே முழுசாகப் படித்தாள். அப்பாவிடம் பேனா கேட்டாள், அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'கவனக்குறைவால் விவரங்களை நிரப்பாமல் விட்டேன்' என்ற வரியை ஸ்கேல் வைத்ததுபோல் நேராக அடித்தாள். 'கடவுளின் படத்தைக் கிழித்தேன்' என்பதில் கடவுளை அடித்து, மேலே குரு என்று எழுதினாள். அப்புறம் அடியில் கையெழுத்துப் போட்டாள்.

"குரு படத்தக் கிழிச்சதுக்கு சாரி. அது நெஜமாவே தப்புதான்" என்றாள், தலைமையாசிரியையிடம் இல்லை, அவள் அப்பாவிடம்.

தலைமையாசிரியை அடித்த வரியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கடிதத்தை ஃபைலில் போட்டு மூடி, "போ கிளாசுக்கு" என்றார். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கங்க என்று சொல்லியிருக்கலாம். ஃபைலை அலமாரியில் வைக்க எழுந்து போய்விட்டார்.

மிஸ் முன்னால் நடந்தாள். மாடிப்படியில் நான் அவளிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தேன், அவள் பரவாயில்ல மேடம் என்று வேகமாகச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டாள். என் கணவர் படிக்கட்டிலேயே நின்றுவிட்டார். மகள் வகுப்பு வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அன்னிக்கு நீ யாருக்கும்மா பயந்தே?"

கோபமாகக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கவுண்டர்ல வரிசை நின்னுதுடி" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அந்த வரிசையில் யார் யார் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவில் கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நான் அதில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். பக்கத்துப் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு முன்னால் இருந்தவளைச் சுரண்டியது. அவள் அடுத்தவளிடம் சொன்னாள். ஒவ்வொன்றாக வகுப்பு முழுவதும் கதவுப் பக்கம் திரும்பியது, கடைசியில் மிஸ்ஸும் திரும்பினாள். மூன்றாவது வரிசையில் ஒரு சடை மட்டும் திரும்பவில்லை.