நாலு மணித் தீனி

"அரிசித் தட்ட இங்கன தாட்டி" என்று குமரகுருபரன் கையை நீட்டினான். ராஜராஜேஸ்வரி வாய்க்கரிசித் தட்டை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

"பூங்காவுல இருந்து வரட்டும்ண்ணே."

"நாலரைக்கு ராகுகாலம். சம்பந்தி வீட்டுக்காரங்க நிக்காவ. அந்த நொண்டி செவிட்டுக் கூட்டம் வேற வந்து நிக்கணுமா?"

துண்டால் கண்ணைத் துடைத்தான். துண்டு நனையவில்லை. காலையிலிருந்து அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் தம்பி பாலு கிடந்தான். நாற்பத்தொரு வயது, பேச்சு திருந்தவில்லை, கணக்கு வரவில்லை. மணிமுத்தாறு ரோட்டில் இரண்டு ஏக்கர் மிருகப் பூங்காவில் பதினோரு வருஷ வேலை. ஒரு கழுதை, நாலு வான்கோழி, முயல்கள், இரண்டு ஈமு. அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் கண்ணோ காதோ காலோ ஏதோ ஒன்று குறை. நேற்று முயல் கூண்டைக் கழுவும்போது விழுந்தவன்தான்.

அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தது வேறு: "தம்பி வனத்துறையில இருக்கான்." 'எந்த ரேஞ்சு?' என்று சம்பந்தி கேட்டதற்கு, 'ஆபீஸ்லதான்' என்றான். பொய்யைக்கூட உருப்படியாகச் சொல்லத் துப்பில்லாதவன்.

"ஏன் இன்னும் வரலையாம்?"

"நாலு மணித் தீனி வச்சிட்டுத்தான் கெளம்புவாவ."

"கழுத தின்னு முடிச்சாத்தான் என் தம்பி பாடை ஏறணுமோ?"

"அது தெனமும் அவனத் தேடிச்சு. நீ தீவாளிக்கு ஒருக்க வந்தே."

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "வனத்துறையில கழுத உண்டா?"

குமரகுருபரன் மறுபடி துண்டைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

நாலு இருபதுக்கு வேன் வந்தது. பச்சைச் சட்டைக்காரர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். முதலில் லியோன், உவரிக்காரன், காதும் கேட்காது, பேச்சும் வராது. வேலைக்குச் சேர்ந்த அன்று கழுதை அவன் விரலைக் கடித்துவிட்டது. விரலை மடக்காமல் உள்ளங்கையை விரித்துத் தீனி நீட்டப் பாலுதான் பழக்கினான். வீட்டில் அக்காவுக்குப் பாலு முறுக்கு நீட்டுவதும் அப்படித்தான்.

அவள் தட்டை நீட்டினாள். லியோன் ஒரு பிடி அள்ளினான். வாயில் போடவில்லை. உள்ளங்கையை விரித்து, பாலுவின் உதட்டருகே கொண்டுபோய், காத்து நின்றான்.

"போடச் சொல்லுட்டி, நேரமாவுது."

லியோனுக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்டது. தட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

மின்விசிறிக் காற்றில், விரித்த கையிலிருந்து அரிசி ஒவ்வொன்றாகப் பாலுவின் புதுச் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது.