முன்னால் மட்டும் போகும் கார்

தேவசகாயம் சாருடைய கேட் அன்றைக்கும் திறந்தே கிடந்தது. கார்த்திகேசன் காரை முதல் கியரில் போட்டு, தன் வீட்டை ஒட்டிய சந்தின் வழியாக நேரே ஓட்டி, சாரின் தோட்டத்து ஓரமாக அந்தக் கேட்டின் வழியாக அடுத்த தெருவில் மூக்கை நீட்டியபோது, வழக்கம்போல அலுத்துக்கொண்டார்.

"ரிட்டையர்டு வாத்தியாருன்னு பேரு. ராத்திரி ஒரு கேட்டைச் சாத்தணும்னு தோணுதா பாரு. மாடு பூந்து செடியெல்லாம் மேஞ்சாத்தான் புத்தி வரும்."

பின்னிருக்கையில் எலுமிச்சைச் சாதத் தூக்கை மடியில் வைத்திருந்த மனைவி வினோதினி, "மேஞ்சா மேயுது வுடுங்க" என்றாள். கல்லூரியில் படிக்கும் எழிலன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எட்டாம் வகுப்புக் கனிமொழி தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தாகமில்லாமலே இரண்டு வாய் குடித்தாள்.

கார்த்திகேசனுக்குக் கார் ஓட்ட நன்றாகவே வரும், முன்னால் போகிறவரைக்கும். பின்னால் எடுக்க வராது. ரிவர்ஸ் கியரில் கை பட்டதுமே இடதும் வலதும் அவருக்குள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். கார் வாங்கிய புதிதில் துணிந்து ஒருமுறை எடுத்துப் பார்த்ததில், தேவசகாயம் சாரின் முருங்கை மரம் வேரோடு சாய்ந்தது. அந்த வாரம் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மையம் கொண்டிருந்ததால் தப்பித்தார். "ராத்திரி காத்து ஜாஸ்தி சார்" என்றார் மறுநாள் காலையில். கடலூரில் மரம் விழுந்ததற்குக் காற்றின் மேல் பழி போட்டால் யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. வாத்தியாரும், "ஆமா, பேய்க் காத்து" என்று தலையாட்டி, விழுந்த மரத்திலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காயை இவர் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். சாம்பார் நன்றாக இருந்தது.

அன்றோடு ரிவர்ஸ் கியருக்கு ஓய்வு கொடுத்தார். கொடுத்ததோடு நில்லாமல் அதை ஒரு கொள்கையாகவும் உயர்த்திக்கொண்டார். வராத ஒன்றை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியதும் மனிதனுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. அவர் கண்காணிப்பாளராக இருக்கும் அலுவலகத்தில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தபோது, "முன்னோக்கிய பார்வையே பாதுகாப்பின் ஆணிவேர்" என்று அரை மணி நேரம் முழங்கி, ஒரு பொன்னாடையும் வாங்கிவந்தார். முட்டுச்சந்து, நெரிசலான மண்டபம், குறுகலான பெட்ரோல் பங்க் எதுவும் அவர் வாழ்க்கையில் கிடையாது. திரும்புவதற்காக இரண்டு கிலோமீட்டர் சுற்றுவார். கேட்டால், "வண்டி சூடாவணும்" என்பார். இந்தப் பலவீனம் இந்த உலகத்தில் தன் ஒருவனுக்கு மட்டுமே தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

அவரை உள்ளுக்குள் அரித்தது வேறு ஒன்று. டியூஷனுக்குக் கொண்டுபோய் விடும்போது கனிமொழி தெருமுனையிலேயே, "இங்கியே எறங்கிக்கிறேம்ப்பா" என்று கதவைத் திறந்துவிடுவாள். உள்ளே வர விடவே மாட்டாள். பெயிண்ட் உரிந்த பழைய காரைக் கூட்டாளிகள் பார்த்துவிடக் கூடாது என்று பெண் வெட்கப்படுகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. புரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் காரை மெழுகு போட்டுத் துடைக்க ஆரம்பித்தார். அப்படியும் அவள் தெருமுனையிலேயே இறங்கினாள்.

சிதம்பரம் அவருக்குப் பிடித்த ஊர். பக்தியும் காரணம்தான், ஆனால் முழுக் காரணம் அல்ல. கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் அகலமான தேர் வீதி. நேராகப் போய்க்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். ரிவர்ஸ் வராதவர்கள் மேல் கருணை கொண்ட யாரோதான் அந்த ஊருக்கு மனை போட்டிருக்க வேண்டும். மூக்கை வைத்து நுழைந்து மூக்கை வைத்தே வெளியேறும்படி ஓர் இடம் கிடைக்கும்வரை மூன்று சுற்று வந்தார். கீழ வீதி முனையில் காத்திருந்த வினோதினியின் தம்பி செம்பியன், மூன்றாவது சுற்றில் ஓடிவந்து முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டான்.

"என்னா மாமா, சாமிய வெளியவே சுத்தி முடிச்சிட்டீங்க?"

செம்பியன் ஊரில் செல்போன் கடை வைத்திருப்பவன். போன மாதம் பெரிய கார் வாங்கியிருந்தான். அதை மனைவி ரேகா குமராட்சியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கு எடுத்துப் போயிருந்ததால், இன்றைக்குப் பிச்சாவரம் படகு சவாரிக்கு மாமாவின் காரில் வர இசைந்திருந்தான். கார் வரவில்லையே தவிர, அதன் புகழ் கூடவே வந்தது.

"நம்ம வண்டில பின்னாடி எறும்பு வந்தாக்கூட பீப் பீப்னு கத்தும் மாமா. கேமராவுல பாத்து அது ஆணா பொண்ணான்னு சொல்லிடலாம்."

"ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் மாப்ளே கேமரா."

"அதுவும் சரிதான். உங்களுக்கு எதுக்கு?"

எழிலனுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

கிள்ளையைத் தாண்டியதும் பிச்சாவரம் போகும் திருப்பத்தைக் கார்த்திகேசன் கோட்டைவிட்டார். பெயர்ப்பலகை பக்கவாட்டில் ஓடி மறைந்தது.

"மாமா, மாமா, தாண்டிட்டோம். நிறுத்தி ஒரு பத்தடி பின்னாடி எடுங்க."

"எதுக்கு? இந்த ரோடும் அங்கதான் போவும்."

"இது எங்க போவுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கெழக்கால போற ரோடு எல்லாம் கடலுக்குத்தான் மாப்ளே போவும். எல்லாரும் போற வழியில போயி என்னத்தப் பாக்கப்போறோம்? இயற்கைன்னா இதான்."

வினோதினி சன்னலை இறக்கிவிட்டு, "காத்து நல்லா வருதுல்ல, இப்படியே போலாம்" என்றாள்.

தார்ச்சாலை கொஞ்ச தூரத்தில் சரளையானது. சரளை மண்ணானது. ஒரு மோட்டார் கொட்டகையைக் கடந்ததும் ஒரு பக்கம் வாய்க்காலும் மறுபக்கம் வயலுமாக, கார் அகலத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல ஒரு கரை மட்டும் மிஞ்சியது. இயற்கை நெருங்க நெருங்கக் கார்த்திகேசனுக்கு வியர்த்தது. அப்போதுதான் எதிரே அந்த டிராக்டர் வந்தது. பின்னால் டிரெய்லர்; டிரெய்லரில் மிஞ்சிய நாற்றுக்கட்டுகளும், நடவு முடித்துத் திரும்பும் ஏழெட்டுப் பெண்களும்.

டிராக்டர்காரர் சடையப்பன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். "சார், பின்னாடி மோட்டார் கொட்டா இருக்குல்ல, அங்க எடம் அகலம். அதுவரைக்கும் பின்னாடி எடுத்துக்குங்க. டிரெய்லர் மாட்டியிருக்கு, நான் எடுத்தா வாய்க்கால்லதான் போயி உக்காரும்."

கார்த்திகேசனும் இறங்கினார். ஆபத்து வேளையில் அவருக்குக் கைகொடுப்பது பேச்சுதான். "பாருங்க, குறுகலான சாலையில எதிரெதிரே ரெண்டு வாகனம் சந்திக்கும்போது முன்னுரிமைங்கிறது என்னன்னா..."

டிரெய்லரில் நின்றிருந்த இருசம்மாள் என்ற பெண், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "என்னாவாம்?"

"ரூல்சு சொல்றாரு" என்றார் சடையப்பன்.

"வயிறு பசிக்குது. ரூல்ச இலையில வெச்சிக் குடுப்பாரான்னு கேளு."

செம்பியன் அதற்குள் டிரைவர் பக்கம் வந்து கதவில் கை வைத்துவிட்டான். "மாமா, சாவி வண்டியிலதான இருக்கு? நீங்க நில்லுங்க. ரெண்டே நிமிசத்துல எடுத்துக் குடுத்துடறேன்."

எவ்வளவு எளிதான வழி! ஆனால் அதன் விலை கார்த்திகேசனுக்குத் தெரியும். அடுத்து வரும் ஒவ்வொரு காதுகுத்திலும் வளைகாப்பிலும் செம்பியன் பந்திக்குப் பந்தி போய், "மாமாவுக்கு ரிவர்ஸ் வராது தெரியுமா" என்று ஆரம்பிப்பான். வண்டியை அவனிடமிருந்து இரண்டு நிமிடத்தில் திரும்ப வாங்கிவிடலாம். கதையை வாங்க முடியாது. செம்பியன் சொல்வதுகூடப் பரவாயில்லை. பொன்னாடை போர்த்திய படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கும் வீட்டில், இரண்டு பிள்ளைகளும் இதோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் வாயைத் திறந்தார். சம்மதமா மறுப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"நீ ஏன்டா அதுல போயி ஏறுற?" வினோதினியின் குரல் தம்பியின் கையைக் கதவிலிருந்து எடுக்க வைத்தது. "உங்க மாமா எடுப்பாரு. நீ பின்னாடி போயி வழி சொல்லு, போ."

சொல்லிவிட்டு, எந்தப் பதிலுக்கும் நிற்காமல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரின் பின்புறம் நடந்தாள். எழிலன் முன்பே அங்கே இருந்தான். கரையில் துருத்திக்கொண்டிருந்த ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். இருவரும் வெகுநாள் பழகிய வேலையைச் செய்வதுபோல இருந்தது. கார்த்திகேசன் ஏறி உட்கார்ந்தார். கனிமொழி வந்து சன்னலில் முகத்தை வைத்தாள்.

"அப்பா, பயப்படாதீங்க."

"யாரு பயந்தா?"

"எங்களுக்குத் தெரியும்ப்பா."

"என்னா தெரியும்?"

"உங்களுக்கு ரிவர்ஸ் வராதுன்னு."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எப்பலேருந்து?"

"முருங்கமரத்துலேருந்து."

வாய்க்காலில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. கனிமொழி குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். "அம்மாதான் தேவசகாயம் தாத்தாகிட்ட கேட்டுச்சு. நீங்க கெளம்புறதுக்கு முன்னாடி டெய்லி தாத்தா வந்து கேட்டைத் தொறந்து வெச்சிட்டுப் போவாரு. அண்ணன் ஓட்டலுக்குப் போனா எடம் பாக்க முன்னாடியே எறங்கி ஓடும்ல? வெளிய போற வழி தனியா இருக்குதான்னு பாக்கத்தான்."

"நீ?"

"டியூஷன் தெரு முட்டுச்சந்துப்பா. உள்ள வந்துட்டா நீங்க எப்படித் திரும்புவீங்க?"

கார்த்திகேசன் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். கூட்டாளிகளா, வெட்கமா, மெழுகா, எதுவும் அந்த முகத்தில் இல்லை. அப்பா எப்படித் திரும்புவார் என்ற கவலை மட்டும் இருந்தது. இத்தனை நாள் யார் தோட்டத்தில் மாட்டை ஏவிவிடத் துடித்தாரோ அந்தத் தேவசகாயம் சார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விடிகாலையில் தாழ்ப்பாளை நீக்குகிற சத்தம் அவர் காதில் கேட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமினார். முன்னுரை அகப்படவில்லை. அவருக்கு இது புதிது.

"செம்பியன் மாமாவுக்கு?" என்றார் கடைசியில்.

"தெரியாது. அம்மா எங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்கு."

அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். "லெப்ட்ல ஒடிங்க மாமா, லெப்டு, ஐயோ ரைட்டு, லெப்டு!" என்று செம்பியன் பின்னாலிருந்து கத்தக் கத்த, இடதும் வலதும் அவருக்குள் பழையபடி எழுந்து நடமாடத் தொடங்கின. முன்பக்கம் டிரெய்லரின் மேலிருந்து இருசம்மாள் கைகளை வாயருகே குவித்துக்கொண்டாள்.

"சாமி! அவன் பேச்சைக் கேக்காத. சோத்தாங்கைப் பக்கம் கொஞ்சம் ஒடி. அவ்ளோதான். இப்ப பீச்சாங்கைப் பக்கம்!"

லெப்டும் ரைட்டும்தான் குழம்பினவே தவிர, சாப்பிடுகிற கை எது என்பதில் கார்த்திகேசனுக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை. கார் நேராகியது. கண்ணாடியைப் பார்த்தார். அதில் வினோதினி ஓர் ஓரத்தில், எழிலன் மறு ஓரத்தில், பின்னால் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்ட கனிமொழி நடுவில். மூவரும் அவரைப் பார்த்தபடியே ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் செம்பியன் இரு கைகளையும் வீசி, "வாங்க, வாங்க, வந்துக்கிட்டே இருங்க" என்று பின்னோக்கி நடந்தவன், கண்ணாடியிலிருந்து சட்டென்று காணாமல் போனான். தொபுக்கென்று ஒரு சத்தம்.

டிரெய்லரில் ஒரே சிரிப்பு. "சாரு நல்லாத்தான் எடுக்குறாரு, வழி சொன்ன ஆளைத்தான் காணோம்!"

கார் மோட்டார் கொட்டகையின் ஓரம் ஒதுங்கியது. டிராக்டர் உறுமிக்கொண்டு கடந்தபோது இருசம்மாள், "சாப்பாடு ஆறிப்போவுது, வரோம் சாமி" என்று கையை ஆட்டினாள். கார்த்திகேசன் தலையை வெளியே நீட்டி, கைகளைக் கூப்பினார். மேடையில் கூப்புகிற மாதிரி இல்லாமல், சும்மா கூப்பினார்.

இடுப்பளவு சேற்றோடு செம்பியன் கரையேறி வந்தான். செல்போனைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான். அது மட்டும் நனையவில்லை. "நீங்க என்னைப் பாத்துச் சிரிக்காதீங்கக்கா" என்று அக்காவிடம் முறைத்தான். பிறகு மாமாவிடம், "போர்டு பின்னாடிதான் இருக்கு மாமா. இங்க எடம் இருக்குது, வண்டிய இப்படியே சுத்தித் திருப்பிக்கலாம்" என்றான்.

"எதுக்கு மாப்ளே திருப்பணும்?" என்றார் கார்த்திகேசன்.

கார் கொட்டகையின் ஓரத்திலிருந்து மெல்லக் கிளம்பி மண் சாலையில் ஏறியது, பின்பக்கமாகவே. கொஞ்சம் வளைந்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைந்தது. வயலில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன. சிறிய கண்ணாடிக்குள், ஒரு கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் "வாங்க வாங்க" என்று அழைத்தபடி வினோதினி பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தாள், பிள்ளைகள் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு.