மூன்றாவது மீட்டர்

மிர்லா சுரங்கத்தின் வாயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அதுதான் விளக்கறை. நிலக்கரி வெட்ட இறங்குகிறவர்கள் அதன் ஜன்னலில் நின்று தலைவிளக்கை வாங்கிக்கொண்டு போவார்கள். ஷிப்டு மேஸ்திரிக்கு மட்டும் விளக்கோடு வாயு மீட்டரும் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் பெட்டி. மீத்தேன் ஏறினாலும் அலறும், காற்றில் விஷவாயு கலந்தாலும் அலறும்.

அந்த விளக்குகளையும் மீட்டர்களையும் சார்ஜ் போட்டு வைப்பது எடில்மாவின் வேலை. மலை உச்சியில் விடியற்காலைப் பனி புல்லின் மேல் உப்பு மாதிரி உறைந்து கிடக்கும். ஜில்லிட்ட பேட்டரிக்குள் கரண்டை ஏற்றினால் அது உள்ளுக்குள்ளேயே கெட்டுவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் வந்ததும் மீட்டர்களைத் தன் ருவானாப் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு, அறை சூடாகிறவரை காத்திருப்பாள். பிறகுதான் சார்ஜ். நிரம்பியதும் கழற்றிவிடுவாள். உபயோகமில்லாமல் கிடப்பதைப் பாதி சார்ஜில் நிறுத்தி வைப்பாள். வேறு எந்த சார்ஜரையும் அதில் செருக விடமாட்டாள்.

அவள் புருஷன் குஸ்தோதியோதான் காலை ஷிப்டு மேஸ்திரி. கேலிக்காரன். "என்னைவிட அந்தப் பெட்டிங்களத்தான் சுமெர்சே நெஞ்சோட அணைச்சுக்கிறீங்க" என்பான். அந்த மலையில் புருஷன் பெண்டாட்டிகூட ஒருவரையொருவர் 'சுமெர்சே' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

சுரங்கத்தில் மூன்று மீட்டர்கள் இருந்தன. மூன்றாவதைக் கெடுத்தவன் அவனேதான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால், சும்மாதானே கிடக்கிறது என்று கம்ப்ரசர் அறையில் அதைச் சார்ஜரில் மாட்டிவிட்டு மறந்துபோனான். தண்ணீர் இறைப்பதற்காக விடுமுறையிலும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வெக்கையில் வாரக்கணக்காகச் சார்ஜ் ஏறிக்கொண்டே இருந்து, ஜனவரியில் எடுத்துப் பார்த்தபோது மீட்டரின் முதுகு புளித்த மாவு மாதிரி உப்பி, மூடிக்குக் கீழே விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

"என்ன தீனி போட்டீங்க இதுக்கு?" என்றாள் எடில்மா.

"பாவமேன்னு கொஞ்சம் அதிகமா ஊட்டிட்டேன். எனக்குத்தான் ஊட்ட ஆள் இல்ல."

"சிரிக்காதீங்க. இது இனிமே கீழ போகக் கூடாது."

அவள் அதை ஓட்டிப் பார்த்தாள். திரையில் முக்கால் சார்ஜ் காட்டியது. காற்றை உறிஞ்சும் குட்டிப் பம்ப் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே, கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள், சத்தமில்லாமல் அணைந்துபோனது. சிவப்பு டேப் ஒட்டி மேல் அலமாரியில் போட்டாள். முதலாளியிடம் சொன்னாள். புதிது வருகிறது என்றார். வந்திருக்கவும் கூடும். அதற்குள் பிப்ரவரியில் அந்த வியாழக்கிழமை வந்துவிட்டது.

அன்று ஒரு மீட்டர் சரிபார்ப்புக்காக சொகமோசோ நகரத்துக்குப் போயிருந்தது. இன்னொன்றைக் குஸ்தோதியோ இடுப்பில் மாட்டிக்கொண்டு ஷிப்டோடு இறங்கியிருந்தான். அவனும் நான்கு பேரும் கீழேயே இருக்க, காலைச் சாப்பாட்டு இடைவேளைக்கு மேலே வந்த மற்றவர்கள் அரெபா என்கிற சோள அடையும் வெல்லத் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தபோது தரை ஒருமுறை உதறியது. பிறகு சத்தம். பிறகு சுரங்க வாயிலிலிருந்து கரித்தூள் ஒரு பெரிய மூச்சாக வெளியே வந்து, எதிரில் இருந்த யூகலிப்டஸ் மரங்களைக் கறுப்பாக்கிவிட்டுப் போனது.

எடில்மா ஜன்னலைவிட்டு வெளியே ஓடிவந்தாள். வாயிலில், உள்ளே மாட்டிக்கொண்ட ஐந்து பேரையும் எல்லாரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றார்கள். முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார். அரசாங்க மீட்புப் படை கிளம்பிவிட்டது, மலைப்பாதை ஏறி வர மதியம் ஆகும் என்றார்.

"மதியமா?" என்றான் எவரிஸ்தோ. குஸ்தோதியோவின் தம்பி. அவனும் சாப்பிட மேலே வந்தவன்தான். வாயில் இன்னும் அரெபாத் துணுக்கு ஒட்டியிருந்தது. "மதியம் வரைக்கும் எங்கண்ணன் மூச்ச அடக்கிட்டு உக்காந்திருப்பானா? யார்றா வர்றீங்க எங்கூட?"

மூன்று பேர் எழுந்தார்கள். வயதில் மூத்த திமோலியோன் மட்டும், "மீட்டர் இல்லாம வாசப்படி தாண்டக் கூடாதுடா" என்றார்.

எவரிஸ்தோ விளக்கறைக்குள் நுழைந்து, மேல் அலமாரியிலிருந்து சிவப்பு டேப் ஒட்டிய மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தான். பொத்தானை அழுத்தினான். அது உயிரோடு கீச்சிட்டது.

"பாருங்க, முக்கா சார்ஜ் இருக்கு."

"அது பொய் சொல்லுது" என்றாள் எடில்மா. "வைங்க அத."

"அண்ணி, வழிய விடுங்க."

"கேளுங்க. பம்ப் ஓடுனா அது நிக்காது. நானே பாத்தேன்."

"அணைஞ்சா திரும்பி வந்துடறோம். அவ்வளவுதானே?"

"அணைஞ்சது தெரியறதுக்குள்ள உங்களுக்கு முட்டி மடங்கிடும். அந்த வாயுவுக்கு வாசனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுவும் போக, உப்புன பேட்டரி. கீழ எங்கயாவது இடிச்சு ஒரு பொறி தட்டுச்சுன்னா இன்னொரு வெடி."

"உள்ள இருக்கறது யாருன்னு தெரியுதா உங்களுக்கு?" என்று கத்தினான் எவரிஸ்தோ. "உம் புருஷன்டி! ஊரான் வீட்டுப் பிணமா?"

அதுவரை அவன் அவளை ஒருமையில் பேசியதில்லை.

"தெரியும்" என்றாள்.

அவன் அவளைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு வாயிலை நோக்கி நடந்தான். மற்ற மூவரும் பின்னால் போனார்கள். எடில்மா என்ன நினைத்தாள் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவள் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த மூவரில் ஒருவனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது, அவன் ஹெல்மெட்டின் வார் அவிழ்ந்து தொங்கியது, அது மட்டும் கண்ணில் பட்டது. பின்னாலிருந்து பாய்ந்து எவரிஸ்தோவின் கையிலிருந்த மீட்டரைப் பிடுங்கி, இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, வாயிலுக்கு வெளியே கிடந்த கரிவண்டித் தண்டவாளத்தின் மேல் ஓங்கி அடித்தாள். மூடி தெறித்தது. திரும்ப எடுத்து இன்னொருமுறை அடித்தாள். பேட்டரி பாம்பு மாதிரி சீறியது. வெள்ளைப் புகை வந்து, பிறகு பக்கென்று பற்றிக்கொண்டது. எல்லாரும் பின்வாங்கினார்கள். தண்டவாளக் கட்டையின் மேல் அது குதித்துக் குதித்து எரிந்தது.

எவரிஸ்தோ கையை ஓங்கினான். திமோலியோன் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலேயே அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, அண்ணனின் பெயரைச் சொல்லி ஊளையிட்டான். இனி உள்ளே போக யாரிடமும் எதுவும் இல்லை.

மீட்புப் படை மதியம் தாண்டி வந்தது. நல்ல மீட்டர்கள், முதுகில் காற்று உருளைகள். இரண்டாம் இறக்கத்திலேயே விஷவாயு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது என்றார்கள். யாரோ ஒரு காலத்தில் வெட்டிக் கைவிட்ட பழைய சுரங்கம் ஒன்று பக்கத்திலேயே இருந்திருக்கிறது, அது எந்த வரைபடத்திலும் இல்லை, இவர்களுடைய குத்துக்கோல் அதன் சுவரை உடைத்ததும், உள்ளே தேங்கிக் கிடந்த மீத்தேன் ஒரே மூச்சில் வந்துவிட்டது. நான்கு பேர் வெடித்த இடத்திலேயே கிடந்தார்கள்.

குஸ்தோதியோ அங்கே இல்லை. இருட்டில் ஒரு மீட்டர் விடாமல் அலறிக்கொண்டிருந்த சத்தத்தைப் பின்பற்றிப் போய்த்தான் அவனைக் கண்டுபிடித்தார்கள். அவள் காலையில் நிரப்பிக் கொடுத்த மீட்டர். பாதி சார்ஜ் இன்னும் மிச்சமிருந்தது. அவன் வெகுதூரம் தவழ்ந்து வந்து, காற்றுக் குழாயின் வாயைத் தன் வாயோடு பிடித்துக்கொண்டு கிடந்தான். வெடிப்பிலேயே கம்ப்ரசர் நின்றுபோயிருந்ததால் அந்தக் குழாயில் காற்று வரவில்லை.

"எவ்வளவு நேரம் உசுரோட இருந்திருப்பான்?" என்று கேட்டான் எவரிஸ்தோ.

மீட்புப் படைத் தலைவர் முகமூடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்ல முடியாது, தம்பி."

"ஒரு மணி நேரம்?"

"சொல்ல முடியாதுன்னேன்."

"அப்ப இருந்திருக்கலாம்" என்றான் எவரிஸ்தோ, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அது போதுமாக இருந்தது. அடக்கத்தின்போது மாமியார் பவ்லினா மருமகளின் கையைத் தொடவில்லை. ஒன்பது நாள் ஜெபமும் மாமியார் வீட்டில்தான் நடந்தது. எடில்மா போனாள், போகாமல் எப்படி இருப்பது? பெண்கள் பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. ஜெபமாலை முடிந்து சூப்புக் கிண்ணங்கள் கைமாறும்போது பவ்லினா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: "எம் மவன் உள்ள மூச்சுக்குத் தவிக்கறப்ப வெளிய கதவச் சாத்துனவ. அவளுக்கும் ஊத்துங்க சூப்பு."

எடில்மா கிண்ணத்தை வாங்கிக் குடித்தாள். கிண்ணம் காலியாகிறவரை குடித்தாள்.

ஏழாம் நாள் காலையில் அவள் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது எவரிஸ்தோவின் மனைவி நெல்சி வேலியோரமாக வந்தாள். மடியில் ஒரு பாலாடைக்கட்டி. வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன். அந்த வீட்ல இத என்னால சொல்ல முடியாது. சொன்னா என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவாங்க."

"சொல்லு."

"அவரு இப்ப வீட்ல உக்காந்து கத்துறாரு, குடிக்கிறாரு, எம் புள்ளைங்க மேல எரிஞ்சு விழறாரு. ஆனா உக்காந்திருக்காரு. உங்களாலதான். எனக்குத் தெரியும். திமோலியோன் ஐயாவும் சொன்னாரு."

எடில்மா சட்டையைப் பிழிந்தாள். அது குஸ்தோதியோவின் சட்டை. கரி முழுசாகப் போகாது என்று தெரிந்தும் அலசிக்கொண்டிருந்தாள்.

"அத அங்க எல்லாருக்கும் முன்னால சொல்றியா?"

நெல்சி தலையைக் குனிந்துகொண்டாள். "முடியாதுக்கா."

"சரி."

"எம்மேல கோபமா?"

"உம்மேல இல்ல. உம் புருஷன் நடந்து போறதப் பாக்கறப்ப வருது. இவன் நடக்கிறானே, அவரு நடக்கலையேன்னு. நாந்தானே நடக்க வெச்சேன், எனக்கே வருது பாரு." பிழிந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "குழாய வாயில வெச்சிருந்தாராம், நெல்சி. அவரு எவ்வளவு நேரம் இருந்தாருன்னு எனக்கும்தான் தெரியாது. எல்லாரும் எனக்குத் தெரியும்னு நெனைக்கிறாங்க."

நெல்சி பாலாடைக்கட்டியைத் துவைக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாள். அன்று சாயங்கால ஜெபத்தில் அவள் மாமியாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எடில்மாவைப் பார்க்கவில்லை.

சுரங்கத்துக்கு சீல் வைத்தார்கள். மழைக்காலம் வந்ததும் எவரிஸ்தோ ஆற்றுக்கு அந்தப்பக்கம் வேறொரு சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே விளக்கறைக்கு ஆள் தேவை என்று திமோலியோன் எடில்மாவிடம் வந்து சொன்னார். தினமும் எவரிஸ்தோவுக்கும் ஜன்னலில் விளக்கு நீட்ட வேண்டியிருக்கும் என்று அவள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு ஏரிக்கரையில் வெங்காயம் பிடுங்கும் கூலிக் கூட்டத்தோடு லாரியில் ஏறிக்கொண்டாள்.