சமையல்காரரின் வெறும் வயிறு

ஆலைக் கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிற மனிதரைப் பட்டினி போடுவதைவிடப் பெரிய கொடுமை உண்டா? குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு முந்தின நாள் முழுக்கத் தெளிந்த நீர்தான் ஆகாரம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மேனேஜரோ ஒரு நாளுக்கு மேல் லீவு கிடையாது என்று ஒற்றைக்காலில் நின்றார். அதனால் அந்த முந்தின நாளும் தலைமைச் சமையல்காரர் அடுப்படியில்தான் வெந்தார். ஆறு அண்டா இறக்கினார். சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை.

ஐந்து வருஷமாக இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்தான். போன மாதம் அண்ணன் குடல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். முற்றிய பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து வயிறு லேசாக இரைந்தாலும் தனக்கும் அதுதானோ என்று இவருக்குப் பயம்.

சாயங்காலம் வீட்டில் இரண்டு லிட்டர் பேதி மருந்து. "இதுக்கு உப்பு போட்டவன் கைய உடைக்கணும்," என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். அப்புறம் திட்டவும் நேரமில்லை, கழிவறையே கதியென்று கிடந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தெளிந்து கண் விழித்தால், டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன சாப்பிட்டீங்க? உள்ள தக்காளி விதை, சோளத் தோலு... வலது பக்கம் ஒண்ணுமே தெரியல. பாதிதான் பார்க்க முடிஞ்சுது."

சமையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேற யாரு வயித்தையோ பார்த்துட்டு வந்து பேசாதீங்க! தண்ணியும் மருந்தும் தவிர ஒண்ணும் உள்ள போகல."

"சத்தியமா டாக்டர், வெறும் வயித்தோடதான் வேலைக்குப் போனாரு," என்று மனைவியும் வரிந்துகட்டினார்.

இதற்கு நடுவே நர்ஸ் ஒரு கப் சூப் கொண்டுவந்து வைத்தார். டாக்டரை முறைத்தபடியே சமையல்காரர் ஒரு ஸ்பூன் அள்ளி, உள்ளங்கையில் விட்டு, நக்கினார்.

"உப்பு பத்தல."

மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து ஆறு அண்டாவுக்கும் ருசி பார்த்தீங்களா?"

"பார்க்காம இறக்குவாங்களா? அண்டாவுக்கு நாலஞ்சு தடவ..."

பாதியில் நிறுத்தி, தன் உள்ளங்கையைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அதைச் சாப்பாடு என்று அவர் நினைத்ததே இல்லை. அந்தக் கையை அறுத்தெறியலாம் போல ஆத்திரம் வந்தது.

டாக்டர் கொஞ்சம் இளகினார். "அடுத்த மாசம் வாங்க. அவசரம்னா இன்னைக்கும் பட்டினி கிடக்கணும், மருந்தும் திரும்பக் குடிக்கணும். நாளைக்கே பார்த்துடலாம்."

சமையல்காரர் சூப்பைத் தள்ளி வைத்தார்.

"அண்ணனுக்கும் வலது பக்கம்தான் டாக்டர். ஒரு மாசமெல்லாம் என்னால தாங்க முடியாது. மருந்தக் கரைக்கச் சொல்லுங்க," என்றவர், மனைவி பார்க்கப் பார்க்க அழுதுவிட்டார்.