பால்கடை வீட்டு மருமகள்

அவள் பாலை நிறுத்தி இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. தயிர், வெண்ணெய், நெய், டீயில் விழும் இரண்டு சொட்டு உட்பட எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தாள். கீழே மாமியாரின் பால்கடை, மேலே வீடு. அங்கே இருந்துகொண்டு பால் வேண்டாம் என்பது, தையல்காரர் வீட்டில் இருந்துகொண்டு துணியே வேண்டாம் என்பதற்குச் சமம்.

பிரசவமாகி ஐந்து மாதம். முதலில் ‘கொஞ்சம் போதும்’ என்றுதான் சொல்லிப் பார்த்தாள். பாதி டம்ளர் கேட்டால் முழு டம்ளர் வந்தது. ஏடு தனிக் கிண்ணத்தில் வந்தது. சோற்றில் நெய் குளமாக நின்றது.

“பால் குடிக்காம உனக்கு எப்படிம்மா பால் ஊறும்?” என்றார் மாமியார்.

“பசு பால் குடிச்சா கறக்குது அத்தை? புல்லுதானே தின்னுது.”

“அப்ப நீயும் போய்ப் புல்லு தின்னு.”

டம்ளர் மட்டும் நகரவில்லை.

பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. அடுத்த மாதம் விடுப்பு முடிகிறது. வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். நடுப் பொத்தான்கள் மூன்றும் எட்டவில்லை. ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் போட்டாள். தாய்ப்பால் சுரக்க உடம்பு செலவழிப்பதைவிட டம்ளரில் ஏறுவது அதிகமாக இருந்தது. பாலின் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. அந்த வீட்டில் ‘குறைவு’ என்று ஓர் அளவே இல்லாததால் ‘இல்லை’ என்ற அளவை எடுத்துக்கொண்டாள்.

பட்டினி கிடக்கவில்லை. முட்டை, மீன், பயறு, கீரை, எள் என்று வயிறாரச் சாப்பிட்டாள். குழந்தை கேட்டபோதெல்லாம் குடித்தாள், துணிகளை நனைத்தாள், கன்னம் உப்பினாள். தாய்க்கு ஒன்றரைக் கிலோ இறங்கியிருந்தது.

“நான் இளைக்கணும்” என்று அவள் சொன்னது கணவனிடம் மட்டும்தான். அவன் அதைக் கீழே கொண்டுபோகும் வழியிலேயே மாற்றிவிட்டான்.

“குழந்தைக்கு ஒத்துக்கலையாம்மா. அவ பால் சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்.”

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு அவன் சிரித்தான். “உனக்காகன்னா அம்மா கடையைச் சாத்திட்டு மேல வந்து உக்காந்துடுவாங்க. குழந்தைக்காகன்னா வாயே திறக்க மாட்டாங்க. பாரு.”

அப்படியே நடந்தது. டம்ளர் வருவது நின்றது. மாமியார் அவளுக்கென்று தனிப் பாத்திரம் வைத்தார். அக்கம்பக்கத்தில் பெருமையாகப் பேசினார்: “எம் மருமக பிள்ளைக்காக வாயைக் கட்டியிருக்கா.” அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு எரிந்தது. அதே சாப்பாடு, அதே வயிறு. குழந்தைக்கு என்றால் தியாகம், தனக்கு என்றால் திமிரா?

இருபத்தாறாம் நாள் காலை, எதிர்வீட்டு டீச்சரம்மா கடைக்கு வந்தார். படிக்கட்டில் நின்றவளுக்கு எல்லாம் கேட்டது.

“உங்க பேத்திக்கே உங்க பால் ஆகலையாமே? எங்க பிள்ளைங்களுக்கு நாங்க வேற இடத்துல வாங்கிக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க.”

மாமியார் கடையைச் சாத்தினார். மேலே வந்து புடவை மாற்றினார்.

“கிளம்பு. பெரிய டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம். குத்தம் பால்லயா, பிள்ளை உடம்புலயா, தெரிஞ்சாகணும்.”

அவள் கணவனைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

“இப்பவாவது உங்க அம்மாகிட்ட சொல்லுங்க.”

“மெதுவா பேசு. சின்ன ஊசிதானே? ஒண்ணுமில்லைன்னு ரிசல்ட் வரும். அம்மாவுக்கும் நிம்மதி, கடைக்கும் நல்லது. நீயும் பழையபடி குடிக்கலாம்.”

“குடிக்க மாட்டேன். அப்புறம், ஊசி உங்களுக்கா எனக்கா? அவளுக்கு.”

“இப்பப் போய்ச் சொன்னா நான் எந்த மூஞ்சியோட கடையில நிப்பேன்?”

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வழியெல்லாம் சொல்லிவிட நினைத்தாள். ஆட்டோவில் மாமியார் குழந்தையின் உள்ளங்காலைத் தடவியபடியே வந்தார், முகம் இறுகியிருந்தது. இறங்கியதும் சொல்லலாம் என்று அவள் தள்ளிப்போட்டாள்.

டாக்டர் குழந்தையைத் தராசில் போட்டார். எண்ணைப் பார்த்துப் புருவம் தூக்கினார்.

“எடை அருமையா ஏறியிருக்கே. அம்மா மாட்டுப்பால் சாப்பிட்டப்ப இவளுக்கு என்ன ஆச்சு? தடிப்பு, வாந்தி? மலத்துல ரத்தம்?”

மாமியார் மகனைப் பார்த்தார்.

“இருந்துச்சு டாக்டர்” என்றான் அவன். “கொஞ்சம்.”

“எது?”

“ரத்தம்.”

மாமியாரின் கை வாய்க்குப் போனது. “எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் குழந்தையை மேசையில் கிடத்தி, புறங்கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடினாள். கொழுத்த கை; நரம்பு தெரியவில்லை. குழந்தை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நர்ஸ் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டியதும் சிரிப்பு நின்றது. உதடு பிதுங்கியது.

அவள் போய் அந்தப் பட்டையை அவிழ்த்தாள்.

“என்னம்மா, பிடிச்சுக்க பயமா இருந்தா வெளிய நில்லுங்க” என்றாள் நர்ஸ்.

“நீ வெளிய போ, நான் பார்த்துக்கறேன்” என்றான் கணவன்.

“போக மாட்டேன்.”

அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, உங்க பால்ல குத்தமில்ல. இவளுக்கும் ஒண்ணுமில்ல. ரத்தம் வரல, வாந்தி வரல. எந்த டாக்டரும் எதுவும் சொல்லல, உங்க பிள்ளை சொன்னது பொய். நானும் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன்.”

“அப்ப எதுக்குடி பாலை விட்ட?”

“எனக்காக. நான் இளைக்கணும், அதுக்குத்தான் விட்டேன்.”