ஆறாவது நடை: குழந்தைகளோடு போகலாம்

1

"பாப்பா கையைப் பிடிச்சிருக்கீங்கல்ல?"

"ம்."

இவ்வளவுதான் பேச்சு. கேட்டவள் மனைவி, பதில் சொன்னவன் கணவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், ஓர் ஆற்றங்கரையில். அவள் முன்னால் நடந்துகொண்டே, திரும்பாமல் கேட்டாள். அவன் கையில் பென்சில் இருந்தது; குழந்தையின் கை இல்லை. ஆறு வளைகிற இடத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தான். 'ம்' சொல்லிவிட்டு அந்தக் கோட்டை முடிப்பதற்குள், பின்னால் ஏதோ தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. (முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாசகர்களை எனக்குத் தெரியும். அது தெரியாமல் அடுத்த வரிக்கு வர மாட்டீர்கள்.) அவனுக்கு இடுப்பளவுத் தண்ணீர்தான். குதித்தான், தூக்கினான். நாலு இருமல், ஊரைக் கூட்டும் அழுகை, அவ்வளவுதான்.

இதை நான் கேட்டது ஓர் அச்சகத்தில். என் புது நாவலின் அட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு சின்னப் புத்தகத்தோடு. ஆறும் சதுப்பு நிலமுமாகக் கிடக்கும் சமவெளியில் குடும்பத்தோடு நடக்கப் பன்னிரண்டு பாதைகள். வரைபடங்கள் அவனுடையவை, வழிக்குறிப்புகள் மனைவி எழுதியவை. அட்டை வர ஒரு மணி நேரம் ஆனது. முன்பின் தெரியாத ஆளிடம்தானே மனிதர்கள் மனதில் இருப்பதைக் கொட்டுகிறார்கள்.

"அன்னைலேருந்து ரோட்டைத் தாண்டக்கூடப் பாப்பா கையை எங்கிட்ட குடுக்கறதில்லைங்க," என்றான். "திட்டினதும் இல்ல. அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதும் இல்ல."

"நீங்க கேட்டீங்களா?"

"என்னத்த?"

"குழந்தையோட கையை. என்கிட்ட குடுன்னு."

அவன் புத்தகத்தை விசிறி மாதிரி விரலால் தள்ளித் தள்ளி மூடினான். "வர்ற சனிக்கிழமை ஆறாவது நடையைத் திரும்ப நடந்து சரிபார்க்கப் போறோம். ரெண்டாம் பதிப்புக்கு. அதே ஆறுதான். அன்னைக்குக் கேட்டுடணும்."

அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவில்லை. ஆக, உண்மையில் எனக்குத் தெரிந்தது இதுவரைக்கும்தான். இனி வருவது நான் கட்டுவது.

2

முதல் தொடக்கம்: "பனி விலகாத சமவெளியில் மூன்று உருவங்கள் நடந்து

நிறுத்திவிட்டேன். 'மூன்று உருவங்கள்' என்று எழுதினாலே யாரோ ஒருவர் வீடு திரும்ப மாட்டார் என்று தோன்றிவிடுகிறது. மேலும், அவர்கள் கிளம்பியது மதியம்.

இரண்டாம் தொடக்கம்: "அவள் அவனை இன்னமும் நேசிக்கத்தான் செய்தாள், ஆனால்

இந்த வரியை ஒன்பது நாவல்களில் எழுதியாயிற்று. போதும்.

மூன்றாவது தொடக்கம் ஒரு சக்கரம். இதுதான் நின்றது.

நீளமான கைப்பிடி, அடியில் ஒரு சக்கரம், நடுவில் எண்கள் ஓடும் சின்னக் கண்ணாடி. தள்ளிக்கொண்டு நடந்தால் எத்தனை மீட்டர் வந்தோம் என்று காட்டும். முன்பெல்லாம் அதை அவள்தான் தள்ளுவாள். குழந்தை அவனிடம் இருக்கும். ஆற்றில் விழுந்த அன்று, குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டவள், கரையில் கிடந்த சக்கரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து சக்கரம் அவனுக்கு, குழந்தை அவளுக்கு. வீட்டில் வேலைப் பிரிவினை இப்படியும் நடக்கும்.

3

குழந்தையை வீட்டில் 'பொட்டலம்' என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவ்வளவு இறுக்கமாகச் சுற்றிக் கொடுத்திருந்தார்களாம். இப்போது ஆறு வயது.

சரிபார்ப்பதில் அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வழி தெரிந்தவர்கள் மாதிரி நடக்கக் கூடாது. அவள் குறிப்பைச் சத்தமாக வாசிப்பாள். அவன் சக்கரம் காட்டும் எண்ணைச் சொல்வான். எண் வரும் இடத்தில் குறிப்பு என்ன சொல்கிறதோ அதைத்தான் செய்ய வேண்டும். "இங்க இல்லையே" என்று யாரும் சொல்லக் கூடாது. முதன்முதலாக அங்கே வருகிற ஒரு குடும்பத்துக்கு இந்தக் காகிதத்தை விட்டால் வேறு துணை இல்லை அல்லவா?

பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆற்றின் பெரிய கரையின் நுழைவாயில் வரை இருநூற்றறுபது மீட்டர். அது தனிக் கணக்கு. வாயிலில் நின்று, சக்கரத்தின் பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் நடையைத் தொடங்க வேண்டும்.

வாயிலில் பொட்டலம் கம்பியில் ஏறிக் குதித்தாள். அம்மாவின் கை சட்டென்று நீண்டு அவள் மணிக்கட்டைப் பற்றியது. அவன் அதையே பார்த்தான். குழந்தையின் கையில் ஐந்து விரலும் அழுந்திய தடம் தெரிகிற பிடி. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தான். எப்படிக் கேட்பது என்று நினைத்தான். சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தான்.

பொத்தானை அழுத்தவில்லை.

"அம்மா, வாத்து வந்தா நிக்கணும்னு பேப்பர்ல போட்டிருக்கா?"

"போட்டிருக்கு. பத்து நிமிஷம்."

"அது வாத்து இல்ல. நாரை."

"நாரைக்கு அஞ்சு நிமிஷம்."

"ஏன் கம்மி?"

"அது ஒண்ணும் பண்ணாது. சும்மா நிக்கும். உங்கப்பா மாதிரி."

அவன் சிரித்தான். அவளும் சிரித்திருக்கலாம், முகம் அந்தப் பக்கம் இருந்தது.

"ஆயிரத்து இருநூறு," என்றான் அவன்.

அவள் வாசித்தாள். "'ஆயிரத்து இருநூறு மீட்டரில், இடது பக்கம் பிரியும் சிறு கரையில் திரும்பவும்.'" இடது பக்கம் ஒரு சிறு கரை பிரிந்தது. திரும்பினார்கள்.

(இருநூற்றறுபது மீட்டர் தள்ளி, அச்சு அசலாக இதே மாதிரி இன்னொரு சிறு கரை பிரிகிறது. போக வேண்டியது அதில். தற்செயல்தான். ஒரு கதைக்கு ஒன்று என்று எனக்கு நானே அனுமதி கொடுத்திருக்கிறேன்.)

4

நடுவில் ஒரு சந்தேகம். அந்த மனைவியை எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் அவளைக் கல்நெஞ்சுக்காரியாக எழுதினேன். இரண்டு வருடம் ஒரு மனிதனை இப்படி வாட்டுவாளா என்று. இரண்டு பக்கம் எழுதியபின் அவர்களுடைய புத்தகத்தைக் கடையில் வாங்கினேன். எல்லா நடைகளுக்கும் முடிவில் நான்கே வரி: தூரம், நேரம், தள்ளுவண்டி போகுமா, கழிப்பறை எங்கே. ஆறாவது நடைக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. 'இந்த நடையில் குழந்தையின் கையை ஒரு நொடியும் விட வேண்டாம்.'

அந்தப் பக்கத்து வரைபடத்தை வரைந்தவன் அவன். அந்த வரி அவன் மேஜைக்கு வந்துதான் அச்சுக்குப் போயிருக்கும். எந்தத் தெருவிலோ இருக்கிற எந்தப் பெற்றோருக்கோ சொல்லியிருக்கிறாள், எதிர்மேஜைக்காரனிடம் சொல்லவில்லை.

அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். பிறகுதான் உறைத்தது: அன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் கேட்டவள் அவள். குழந்தையின் கையை அவள் இறுக்கிப் பிடிப்பது அவன் மேல் உள்ள கோபத்தில்தான் என்று நான் ஏன் முடிவு கட்டினேன்? (இதை அவன் அறிய மாட்டான். கதை அவன் பக்கத்தில் நிற்கிறது. நானும் அவளுக்குள் நுழைவதாக இல்லை.)

5

சிறு கரை போகப்போக ஒல்லியானது. நடுவில் ஓரிடத்தில் தாழ்ந்து, தண்ணீர் மட்டத்துக்கு இறங்கி, மறுபடி ஏறியது. இரண்டு பக்கமும் கோரை. சுற்றிலும் தோசைக்கல் மாதிரி தட்டையான நிலம். தூரத்தில் பஸ் ஸ்டாப்பின் நீலக் கூரை தெரிந்தது, மதகின் இரும்புச் சட்டங்கள் தெரிந்தன, பெரிய கரையில் யாரோ சைக்கிளில் போவது தெரிந்தது. எல்லாம் கண்ணுக்கு எதிரே இருந்தது. எதற்கும் இங்கிருந்து வழி இல்லை.

"பெஞ்சு வரணும்," என்றாள் அவள். "'மூன்று மரங்களின் நிழலில் ஒரு பெஞ்சு'ன்னு எழுதியிருக்கேன்."

"எடுத்திருப்பாங்க."

"பெஞ்சை எடுத்திருப்பாங்க. மூணு மரத்தையும் சேர்த்தா எடுத்துட்டுப் போனாங்க?"

அவன் குனிந்து சக்கரத்தின் கண்ணாடியைப் பார்த்தான். பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது மதகுப் பக்கம் சங்கு ஊதியது. மணி மூன்று. தினமும் மூன்று மணிக்கு மதகைத் திறப்பார்கள். தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறும். 'மூன்றுக்குள் மேட்டுக்குப் போய்விடவும்' என்று ஆறாவது நடையிலேயே எழுதியிருக்கிறது. எழுதியவள் கையிலேயே அந்தக் காகிதம் இருந்தது.

அவள் நின்றாள். இந்த முறை முழுதாகத் திரும்பி, அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வாசல்ல ஜீரோ பண்ணீங்கல்ல?"

[இந்த இடத்தில் 'ம்' என்று எழுதினேன். எழுத்து அதுவாகவே வந்தது. அவனுக்கும் வாயில் அதுதான் முதலில் வந்திருக்கும். மூன்று நாள் அந்தக் காகிதத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, அதை அடித்துவிட்டேன்.]

"இல்ல," என்றான் அவன். "மறந்துட்டேன். தப்பான கரையில வந்திருக்கோம்."

"எவ்வளவு?"

"இருநூத்தறுபது."

அவள் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். "திரும்பிடலாம்."

திரும்பினார்கள். கரை தாழ்ந்த இடத்தில் கரையைக் காணவில்லை. கோரை நுனிகள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுங்கின. பழுப்புத் தண்ணீர். எங்கே பாதை முடிகிறது, எங்கே வாய்க்கால் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

"அப்பா, பாதை எங்க போச்சு?"

"உள்ளதான் இருக்கு."

"உள்ளன்னா?"

மறு முனைக்கு நடந்தார்கள். அங்கே ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினால் பெரிய கரை. குறுக்கே இரண்டு பலகைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு எட்டு இருக்கும். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. பலகைக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாண் குறைந்தது.

* கைபேசி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, சிக்னலும் முழுசாக இருக்கிறது. ஆனால் ஆள் வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும்; பலகை அதுவரை தாங்காது. மேலும், புத்தகம் போட்டவர்களே புத்தகத்தைப் பார்த்து நடந்து வழி தவறினோம் என்று யாரிடம் சொல்வது?

6

இனி முடிக்க வேண்டும். என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முதலாவதில் அவளுக்குக் கால் பிசகுகிறது. வேறு வழியில்லாமல் குழந்தையை அவனிடம் கொடுக்கிறாள். குடும்ப நாவல்களில் பெண்களின் கணுக்கால்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதில் எனக்கும் பங்குண்டு. இவள் காலை விட்டுவிட்டேன். இவள் திடமாக நிற்கிறாள். குழந்தையை அவளாலேயே அக்கரைக்குக் கொண்டு போக முடியும், ஒருவேளை அவனைவிட நன்றாகவே.

இரண்டாவதில் பொட்டலம் வழுக்குகிறாள், அவன் பாய்ந்து பிடிக்கிறான், எல்லோரும் அழுகிறார்கள். இதை முழுதாக எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. ஆனால் ஒரு மனிதன் மன்னிப்பு வாங்குவதற்காக ஒரு குழந்தையை இரண்டாம் முறை தண்ணீரில் தள்ளுவதா? காகிதத்தில்கூட எனக்குக் கை வரவில்லை.

ஆகவே யாரும் விழவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. அவன் கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் மிச்சம் இல்லை.

7

"நான் பாப்பாவோட முதல்ல போறேன்," என்றாள் அவள். "நீங்க சக்கரத்தை எடுத்துட்டுப் பின்னால வாங்க."

இரண்டு வருடமாக இந்த மாதிரி வாக்கியங்களுக்கு அவன் சொல்கிற பதில் 'சரி'. குளிக்கும்போதும், கோடு போடும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் வேறு பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறான். 'இனிமே நானும் கொஞ்சம்' என்று ஒன்று. 'அன்னைக்கு நடந்தது' என்று ஒன்று. எதையும் பாதிக்கு மேல் கொண்டு போனதில்லை.

தண்ணீர் பலகையின் அடியைத் தொட்டுச் சளக் என்றது. பொட்டலம் அம்மாவின் சேலையோடு ஒட்டிக்கொண்டு, பலகையைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

இதுவா கேட்கிற நேரம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் பட்டது. பேசாமல் அக்கரைக்குப் போகட்டும், வீட்டில் காபி குடிக்கும்போது கேட்கட்டும் என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். வீட்டில், தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கையைக் கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள். அதில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தப் பத்தியையும் எடுத்துவிட்டேன். 'கேட்கிறவன் அவனுக்காகக் கேட்கிறானா, குழந்தைக்காகவா' என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்.

அவன் வாயைத் திறந்ததும் நான் பேனாவை வைத்துவிடுவேன். அவள் அவனைப் பார்ப்பாள், பலகையைப் பார்ப்பாள், தன் கைக்குள் இருக்கிற சின்னக் கையைப் பார்ப்பாள். அதுவரைக்கும்தான் என்னால் பார்க்க முடிகிறது. மீதியை நீங்கள் எழுத வேண்டும். குழந்தையோடு சாலையைக் கடந்திருக்கிறீர்கள், கூட்டத்தில் அதன் கையை இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள், கொடுக்காமலும் இருந்திருக்கிறீர்கள். சீக்கிரம் எழுதுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

அவன் சக்கரத்தைப் புல்லில் சாய்த்தான். இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ரெண்டு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன்," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "பாப்பா கையை எங்கிட்ட குடு. நான் கூட்டிட்டுப் போறேன்."