மாதாவுக்கு ஒரு பூப்பீரங்கி

எங்கள் மாதா கோயில் மணிக்கூண்டில் பெண்கள் ஏறக் கூடாது. ஏன் என்று கேட்டால் படி குறுகல் என்பார்கள். தொந்தி பெருத்த பெரியநாயகம் ஏறலாம், நான் ஏறினால் மட்டும் படி குறுகிவிடுமாம். தேர் கோயில் வாசலில் வந்து நிற்கும்போது மேலேயிருந்து மாதாவுக்குப் பூச்சொரிவது ஆண்களின் வேலை. பெரியநாயகம்தான் திருவிழாக் கமிட்டித் தலைவர்.

எண்பத்தைந்தாம் வருஷம் என் மகள் டைபாய்டில் கிடந்து பிழைத்தாள். என் கையால் உனக்குப் பூச்சொரிகிறேன் என்று மாதாவிடம் வேண்டியிருந்தேன்.

"அருள்ராணி, ஒன் வூட்டுக்காரரு ஏறிப் போடட்டும். நீ போட்ட மாதிரிதான்," என்றார் பெரியநாயகம்.

பட்டினி கிடந்து வேண்டியது நான், போடுவது அவரா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திண்டிவனத்தில் எங்களுக்கு வாடகை சைக்கிள் கடை. நாள் முழுக்க டியூபுக்குக் காற்றடிக்கிறவள் நான். தரையில் நின்றபடியே காற்றால் பூவை மேலே அனுப்பினால் என்ன? ஒரு முனை அடைத்த இரும்புக் குழாயில் காற்றைச் சேர்க்க வேண்டும். அதன் மேல் ஒரு வால்வு. அதற்கும் மேல் பூ நிரப்ப ஓர் அகலக் குழாய். அவ்வளவுதான்.

வால்வு மாதிரி பம்புசெட் சாமான் விழுப்புரத்தில்தான் நிறையக் கிடைக்கும். பஸ் ஏறிப் போனோம். கடைக்காரர் வெங்கடாசலத்திடம் கேட்டது நான். அவர் பதில் சொன்னதெல்லாம் என் புருஷன் இருதயராஜுக்கு.

"கைப்பிடிய ஒரே இழுப்பு இழுத்தா முழுசா தொறந்துக்கணும்ங்க," என்றேன்.

"கெணத்து மோட்டாருக்குத்தானே சார்? கேட் வால்வு எட்துக்கினு போங்க. அல்லாரும் அதான் வாங்கிக்கினு போறாங்க," என்றார் இவரிடம்.

இவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். பேச்சை வளர்த்தால் பேஜாராம்.

வந்து மாட்டிப் பார்த்தோம். வட்டப் பிடியைச் சுற்றிச் சுற்றித் திறப்பதற்குள் காற்றெல்லாம் புஸ்ஸென்று போய், பூ என் காலடியிலேயே கொட்டியது.

"இன்னாக்கா, பீரங்கிக்கு வயித்து வலியா?" என்று பக்கத்து டீக்கடை பூமாலை சிரித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த முறை நான் தனியாகவே கிளம்பினேன். குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு திண்டிவனத்துக் காயலான் கடைகளில் ஏறி இறங்கினேன். பழைய தண்ணீர் லாரியிலிருந்து கழற்றிய கைப்பிடி வால்வு ஒன்று கிடைத்தது. மரைதான் சேரவில்லை. குவியலில் கிடந்த, வேறுவேறு அளவுக் குழாய்களை இணைக்கும் ரெடியூசர்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்து, சேர்ந்ததை எடுத்துக்கொண்டேன். கடைக்கு வந்து மரையில் சணல் சுற்றி, பெயிண்ட் தடவி முறுக்கினேன். பஞ்சர் பார்க்கும் தொட்டியில் முக்கிக் காற்றடித்தால் ஒரு குமிழிகூட வரவில்லை. பூவை நிரப்பிக் கைப்பிடியை இழுத்தேன். கூரையைத் தாண்டிப் போய் எதிர்வாடையில் உதிர்ந்தது. பூமாலை டீ ஆற்றுவதையே மறந்துவிட்டான்.

திருவிழா அன்று தேர் வாசலில் வந்து நின்றது. பெரியநாயகம் என் குழாயைப் பார்த்தார். தடுப்பார் என்று நினைத்தேன். அதைவிட மோசமாகச் செய்தார்.

"சூப்பர்பா இருதயராஜ்! நீயே இஸ்து வுடு. ஜல்தி, தேரு நிக்குது!" என்று இவர் கையைப் பிடித்துக் கைப்பிடியில் வைத்தார்.

இவர் என்னைப் பார்த்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"கைய எடுங்க," என்றேன்.

"அல்லாரும் பாக்குறாங்க, அருளு..."

"பாக்கட்டும். புள்ளைக்கு வேண்டிக்கினது நானு."

இவர் கையைத் தட்டிவிட்டு இழுத்தேன். சாமந்தியும் ரோஜா இதழும் மணிக்கூண்டு உயரம் போய், மாதாவின் முடியிலும் தோளிலும் இறங்கின. மகளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கண்ணைத் துடைப்பதற்குள் ஒலிபெருக்கியில் பெரியநாயகத்தின் குரல் கேட்டது.

"பூப்பீரங்கி செஞ்சி மாதாவுக்குப் பூச்சொரிஞ்ச நம்ம இருதயராஜுக்கு, கமிட்டி சார்பா நன்றி!"

ஊரே கைதட்டியது. யார் இழுத்தது என்று கண்ணால் பார்த்தவர்களும் சேர்ந்துதான் தட்டினார்கள்.

"வுடு, மாதாவுக்குத் தெரியும்," என்றார் இவர் ஆறுதலாக.

மாதாவுக்குத் தெரியாமல் என்ன? நேர் எதிரே நின்று பார்த்தவள் அவள். சொல்ல வேண்டியது ஊருக்குத்தான். மைக் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"நீங்க போய் மைக்ல சொல்லுங்க," என்றேன்.

இவர் தேர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தார்.